தனித்தியங்கும் ஜெனரேட்டரும் சமனற்ற பளுவும்: பாடநூல், ஆய்வு, அளவுகோல் பற்றிய ஒரு திறனாய்வு

மின்துறையின் கம்பியோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் ஒரு கட்டடத்துக்கோ ஒரு தெருவுக்கோ ஒரு தீவுக்கோ தானே மின்சாரம் கொடுக்கும் பொறி தனித்தியங்கும் மின்னியற்றி எனப்படும். பேச்சு வழக்கில் ஜெனரேட்டர். அதன் மூன்று பேஸ்களிலும் ஒரே அளவு பளு இருந்தால் அது சமநிலைப் பளு. ஒன்றில் குளிர்சாதனம், ஒன்றில் மின்விசிறி, ஒன்றில் ஒன்றுமே இல்லை என்றால் அது சமனற்ற பளு. இந்த இரண்டாவது நிலையில் மின்னழுத்தம், அதிர்வெண், அலை வடிவம் ஆகியவற்றை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்பது மின்பொறியியலில் நெடுநாளாக ஆராயப்படும் கேள்வி. அந்தக் கேள்வியைப் பற்றிப் பாடநூல்களும் ஆய்வுக் கட்டுரைகளும் தர அளவுகோல்களும் என்ன சொல்கின்றன, எதை விட்டுவிடுகின்றன என்று இக்கட்டுரை மதிப்பிடுகிறது. புதுச்சேரி நகரத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு.

புதுச்சேரிக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. பிரதேசத்துக்கென்று சொந்தமாக உள்ள பெரிய மின்நிலையம் காரைக்காலில் இருக்கும் 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம் மட்டுமே. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறிய போதும் நகரம் நீரிலும் இருளிலும் கிடந்தது. இப்படிப்பட்ட நாள்களில் மருத்துவமனையும் தண்ணீர்த் தொட்டியும் மீனுக்கான ஐஸ் அறையும் ஜெனரேட்டரை நம்பித்தான் இருக்கின்றன. புயல் இல்லாத நாளிலும் மாசிமகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வரும் சாமிகளின் பின்னால் ஜெனரேட்டர் வண்டி வருகிறது. கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் ஒன்று உறுமிக்கொண்டிருக்கிறது. இவற்றில் எதிலும் பளு சமநிலையில் இருப்பதில்லை.

பாடநூலின் மூன்று அம்புகள்

புதுச்சேரிப் பள்ளிகளில் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடநூல்களே பயன்பட்டன. அதன் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் மின்காந்தத் தூண்டல் பற்றிய பாடத்தில் மூன்று கட்ட மின்னியற்றி வருகிறது. 120 பாகை இடைவெளியில் மூன்று கம்பிச்சுருள்கள், ஒரே உயரமுள்ள மூன்று அலைகள், பிறகு நன்மைகள்: ஒரே பருமனில் அதிகத் திறன், ஒரே திறனுக்குச் சிறிய பொறி, மெல்லிய கம்பியே போதும். எல்லாம் சரி. ஆனால் அந்த மூன்று நன்மைகளும் மூன்று பேஸ்களும் சமமாக ஏற்றப்பட்டால்தான் முழுமையாகக் கிடைக்கும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. மெல்லிய கம்பி போதும் என்பதைப் படித்த மாணவர் பின்னாளில் வயரிங் வேலைக்குப் போனால், நியூட்ரலுக்கு எதற்குப் பருமனான கம்பி என்றுதான் கேட்பார். "சார், மூன்று அம்பும் எப்பவும் ஒரே நீளமாத்தான் இருக்குமா?" என்று வகுப்பில் கேட்ட பிள்ளைகள் உண்டு. நல்ல கேள்வி. அதற்கு இடம் கொடுக்கும் ஒரு பத்தி பாடநூலில் இருந்திருக்கலாம்.

கணக்கும் கடினமானதல்ல. 25 கே.வி.ஏ. ஜெனரேட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 415 வோல்ட்டில் ஒரு பேஸுக்கு அது ஏறத்தாழ 35 ஆம்பியர் தரும். ஆர் பேஸில் 34, ஒய் பேஸில் 20, பி பேஸில் 6 ஆம்பியர் ஓடுவதாகவும், பளு எல்லாம் மின்தடைப் பளு என்றும் கொள்வோம். மொத்தம் 60 ஆம்பியர், 240 வோல்ட்டால் பெருக்கினால் 14.4 கே.வி.ஏ. பொறியின் திறனில் 58 விழுக்காடுதான். "பாதிக்குக் கொஞ்சம் மேலதான் லோடு இருக்கு" என்று ஆபரேட்டர் சொல்வார். மொத்தக் கணக்கில் அவர் சொல்வது சரி. ஆனால் ஆர் பேஸ் அதன் எல்லையைத் தொட்டுவிட்டது.

நியூட்ரலில் எவ்வளவு ஓடும்? மூன்று மின்னோட்டங்களையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி, இரண்டிரண்டாகப் பெருக்கிய மூன்று பெருக்கற்பலன்களையும் அதிலிருந்து கழித்து, வர்க்கமூலம் காண வேண்டும். 1156, 400, 36 ஆகியவற்றின் கூட்டல் 1592. 680, 120, 204 ஆகியவற்றின் கூட்டல் 1004. வித்தியாசம் 588, வர்க்கமூலம் சுமார் 24. நியூட்ரல் கம்பியில் 24 ஆம்பியர், அதாவது ஒய் பேஸில் ஓடுவதைவிட அதிகம். எல்.இ.டி. விளக்கு, கணினி போன்ற பளுக்கள் சேர்ந்தால் இன்னும் கூடும். ஏனெனில் அவை உண்டாக்கும் 150 ஹெர்ட்ஸ் மூன்றாம் ஒத்திசை நியூட்ரலில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாமல் அப்படியே கூடும். பத்தாம் வகுப்பு எண்கணிதம் போதும் இதற்கு.

ஒரு கைப்பிடி, மூன்று அளவுகள்

ஊர் மின்வலைப்பின்னல் மிகப் பெரியது. ஒரு வீட்டின் ஏற்றத்தாழ்வு அதில் கடலில் கரைத்த பெருங்காயம்போல மறைந்துவிடும். தனி ஜெனரேட்டர் அப்படியல்ல. அதன் உள்தடை, இணைந்திருக்கும் பளுவோடு ஒப்பிட்டால் பெரியது. எந்தப் பேஸில் அதிக மின்னோட்டமோ அந்தப் பேஸின் மின்னழுத்தம் அதிகம் இறங்கும்.

இறங்கியதை உயர்த்த ஏ.வி.ஆர். எனப்படும் தானியங்கி மின்னழுத்தச் சீராக்கி இருக்கிறதே என்று கேட்கலாம். இங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது. ஏ.வி.ஆர். மாற்றக்கூடியது ஒன்றே ஒன்று: சுழலியின் புல மின்னோட்டம். அதைக் கூட்டினால் மூன்று பேஸும் சேர்ந்து ஏறும். குறைத்தால் சேர்ந்து இறங்கும். ஒன்றை மட்டும் ஏற்ற அதனால் முடியாது. விலை குறைந்த ஏ.வி.ஆர். பல ஒரே ஒரு பேஸை, அல்லது இரு பேஸ்களுக்கு இடைப்பட்ட அழுத்தத்தை மட்டும் பார்த்து வேலை செய்கின்றன. அது பார்க்கும் பேஸில்தான் பளு அதிகம் என்றால் புலத்தைக் கூட்டும். காலியாகக் கிடக்கும் பேஸ் 240-ஐத் தாண்டி ஏறும். அந்தப் பேஸில் யாரோ ஒருவருடைய தொலைக்காட்சி இருக்கும். மூன்று பேஸ்களின் சராசரியைப் பார்க்கும் ஏ.வி.ஆர். இதைவிட மேல். ஆனாலும் சராசரி சரியாக இருப்பதும் ஒவ்வொன்றும் சரியாக இருப்பதும் வேறு வேறு. வகுப்புச் சராசரி 60 என்பதால் எல்லாப் பிள்ளைகளும் தேறிவிட்டார்கள் என்று எந்த ஆசிரியரும் சொல்லமாட்டார்.

பொறிக்குள் நடப்பதை விளக்கும் கணித முறையைத் தந்தவர் சி. எல். ஃபோர்ட்டெஸ்க்யூ. 1918-இல் வெளியான அவரது கட்டுரை எந்தச் சமனற்ற மூன்று பேஸ் தொகுதியையும் மூன்று சமநிலைத் தொகுதிகளாகப் பிரிக்கலாம் என்று காட்டியது: நேர்வரிசை, எதிர்வரிசை, சுழிவரிசை. எதிர்வரிசைக் கூறு பொறியின் உள்ளே தலைகீழ்த் திசையில் சுழலும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. முன்னோக்கி ஓடும் சுழலியின் பார்வையில் அது இருமடங்கு வேகத்தில், 100 ஹெர்ட்ஸில் கடக்கிறது. விளைவு: சுழலியில் சூடு, அச்சில் அதிர்வு. ஜெனரேட்டரின் உறுமல் மாறிவிட்டதைக் காதாலேயே கண்டுபிடிக்கும் பழைய மெக்கானிக்குகள் கேட்பது பெரும்பாலும் இந்த அதிர்வைத்தான்.

முன் சொன்ன எடுத்துக்காட்டிலேயே எதிர்வரிசை மின்னோட்டத்தைக் கணக்கிட்டால் சுமார் 8 ஆம்பியர் வருகிறது. பொறியின் 35 ஆம்பியரில் 23 விழுக்காடு. ஐ.இ.சி. 60034-1 என்ற பன்னாட்டு அளவுகோல், வழக்கமான குளிரூட்டல் கொண்ட எடுப்புத்துருவ ஜெனரேட்டருக்குத் தொடர்ந்து அனுமதிப்பது 8 விழுக்காடுதான். "பாதிக்குக் கொஞ்சம் மேல்" என்று சொல்லப்பட்ட பளு அந்த எல்லையைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு!

ஆய்வுக் கட்டுரைகள்

இத்துறையில் இந்தியாவின் பங்கு சிறியதல்ல. டெல்லி ஐ.ஐ.டி.யில் எஸ். எஸ். மூர்த்தி, பீம் சிங் ஆகியோரும் அவர்களுடைய மாணவர்களும் தன்கிளர்வுத் தூண்டல் மின்னியற்றி பற்றி எழுதிய கட்டுரைகள் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுபவை. சாதாரணத் தூண்டல் மோட்டாரை வேகமாகச் சுழற்றி, மின்தேக்கிகளை இணைத்தால் அது ஜெனரேட்டராக வேலை செய்யும் என்பது 1935-இல் பாசெட், பாட்டர் இருவரும் காட்டிய வழி. பிரஷ் இல்லை, பராமரிப்பு குறைவு, விலை மலிவு. மலையோடையில் சிறுநீர்மின் நிலையம் அமைக்க ஏற்றது. குறை என்னவென்றால் பளு மாறினால் மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் சேர்ந்து ஆடும்.

இந்தக் குறைக்கு முதலில் வந்த மருந்து மின்னணுப் பளுக்கட்டுப்படுத்தி. நுகர்வோர் விளக்கை அணைத்தால் அந்த மிச்சத் திறனை ஒரு வெப்பமூட்டும் சுருளில் கொட்டிவிடும். ஜெனரேட்டர் மொத்தப் பளு மாறாததாகவே உணரும். எளிமையானது, மலைக் கிராமங்களில் நன்றாக உழைத்தது. ஆனால் டயோடு பாலம் வைத்த இந்த வகை மொத்தத்தைத்தான் சமப்படுத்துகிறது, பேஸ்களை அல்ல. போதாததற்குத் தானே ஒத்திசைகளையும் சேர்க்கிறது. அடுத்த மருந்து ஸ்டாட்காம் வகைக் கருவி: பளு கேட்கும் எதிர்வரிசை மின்னோட்டத்தை ஜெனரேட்டரிடமிருந்து வாங்காமல் தானே கொடுத்துவிடும். ஜெனரேட்டரின் பக்கத்தில் மூன்று பேஸும் சமம். நான்காவது கால் சேர்த்த இன்வெர்ட்டரோ ஜிக்ஜாக் மின்மாற்றியோ இருந்தால் நியூட்ரல் மின்னோட்டமும் அதே வழியில் திரும்பிவிடும். இது உண்மையான முன்னேற்றம். புலக் கைப்பிடி ஒன்றால் முடியாததை மூன்று கைப்பிடிகள் செய்கின்றன.

இருந்தும் இந்தக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கும் ஒருவருக்கு ஒரு சலிப்பு வரும். சமனற்ற பளு என்று பல கட்டுரைகள் சோதிப்பது ஒரே காட்சியைத்தான்: இவ்வளவாவது வினாடியில் ஒரு பேஸின் பளு துண்டிக்கப்படுகிறது, சில சுற்றுகளில் அலைகள் நிலைபெறுகின்றன, மறுபடி பளு சேர்க்கப்படுகிறது. சில கிலோவாட் ஆய்வகப் பொறி, அல்லது கணினி மாதிரி. கல்யாண மண்டபத்தில் பளு இப்படி மரியாதையாக நடந்துகொள்ளாது. ஒரு பேஸில் இரண்டு குளிர்சாதனங்கள் ஒன்றாகக் கிளம்பும். இன்னொன்றில் கிரைண்டர் நின்று நின்று ஓடும். சீரியல் செட் மூன்றாவதில் மினுக்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் திறன்காரணி வேறு. ஒரு பேஸை அடியோடு வெட்டுவது கடுமையான சோதனை என்பது உண்மையே. ஆனால் கடுமையான சோதனை வேறு, உண்மையான சோதனை வேறு.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. கட்டுப்படுத்தி எவ்வளவு மின்னோட்டம் கொடுக்க வேண்டும் என்பதை அளந்த மின்னழுத்தத்திலிருந்துதான் கணக்கிடுகிறது. 1983-இல் ஜப்பானின் அகாகியும் உடன்பணியாளர்களும் முன்வைத்த கணநேரத் திறன் கோட்பாடு இதற்குப் பரவலாகப் பயன்படும் வழி. மின்னழுத்தம் சமநிலையாகவும் சுத்தமாகவும் இருந்தால் அது அழகாக வேலை செய்யும். மின்னழுத்தமே சாய்ந்து நெளிந்திருந்தால் கணக்கிடப்படும் இலக்கு அலையும் நெளிந்தே வரும். வலைப்பின்னலில் இது சின்ன விஷயம். தனி ஜெனரேட்டரிலோ மின்னழுத்தம் சாய்ந்திருப்பதுதான் நோயே. வளைந்த அளவுகோலை வைத்து நேர்கோடு போடச் சொல்வதுபோல. எதிர்வரிசைக் கூறைத் தனியே பிரித்தெடுத்துவிட்டுக் கணக்கிடும் பிற்கால முறைகள் இதை ஓரளவு தீர்த்துள்ளன. அவற்றிலும் அந்த 100 ஹெர்ட்ஸ் அலையை வடிகட்ட எடுக்கும் நேரம், மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் கருவியைத் தாமதப்படுத்துகிறது. வடிகட்டியை இறுக்கினால் தாமதம், தளர்த்தினால் நெளிவு. கட்டுரைகளின் முடிவுரைகளில் இந்தக் கொடுக்கல் வாங்கல் அரிதாகவே வெளிப்படையாகப் பேசப்படுகிறது.

இதற்கு மாறாக, எளிமையால் என்னை மிகவும் கவர்ந்தது சி-2சி இணைப்பு. மூன்று பேஸ் தூண்டல் பொறியில் ஒரு ஜோடி முனைகளுக்கு இடையே ஒரு மடங்கு மின்தேக்கியும் மற்றொரு ஜோடிக்கு இடையே இரு மடங்கும் இணைத்து, ஒற்றைப் பேஸ் பளுவை உரிய முனைகளில் கொடுத்தால், குறிப்பிட்ட ஒரு பளுவில் பொறி தன்னை முழுச் சமநிலையில் இருப்பதாகவே உணரும். சமனின்மையை எதிர்த்துச் சண்டை போடாமல், அதையே சமன் செய்யும் வகையில் பொறியை அமைத்துவிடுகிறார்கள். இங்கிலாந்தின் நைஜல் ஸ்மித் போன்றோர் இதை நடைமுறைக் கையேடாகவே எழுதினர். இலங்கையின் மலைக் கிராமங்களில் 1990-களில் பரவிய சிறுநீர்மின் நிலையங்களுக்கு இந்த வகை ஆய்வு நேரடியாக உதவியது. முனைகளை மாற்றி இணைத்தால் இதே ஏற்பாடு கேடாக முடியும் என்பதும் உண்மை. ஆனாலும் பயன்படுத்தப்போகும் மனிதரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட ஆய்வு எப்படி இருக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

எதை அளக்கிறார்கள்?

அளவுகோல்களிலும் குழப்பம் உண்டு. அமெரிக்காவின் நேமா முறை, பேஸ்களுக்கு இடையிலான மூன்று அழுத்தங்களின் சராசரியிலிருந்து அதிகபட்சம் விலகியிருப்பதைச் சராசரியால் வகுக்கச் சொல்கிறது. 420, 412, 395 வோல்ட் என்றால் சராசரி 409, விலகல் 14, சமனின்மை 3.4 விழுக்காடு. சாதாரண மீட்டர் வைத்திருக்கும் எவரும் செய்யலாம். இந்த 3.4 சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் மோட்டாரின் வெப்ப உயர்வு, சமனின்மை விழுக்காட்டின் வர்க்கத்தைப்போல ஏறத்தாழ இருமடங்கு விழுக்காடு கூடும் என்பது வழக்கத்தில் உள்ள தோராய விதி. அதன்படி இங்கே சுமார் 23 விழுக்காடு. தண்ணீர் மோட்டாரின் காயில் ஏன் அடிக்கடி கருகுகிறது என்பதற்கு இந்த எண்ணில் பதில் இருக்கிறது. ஐரோப்பாவின் இ.என். 50160 எதிர்வரிசை, நேர்வரிசை விகிதத்தைக் கேட்கிறது: ஒரு வாரத்தின் பத்து நிமிடச் சராசரிகளில் 95 விழுக்காடு, 2 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். பொது வலைப்பின்னலுக்கு எழுதப்பட்டது அது. நாலு மணி நேரம் ஓடும் ஜெனரேட்டருக்கு வாரச் சராசரி எதற்கு?

ஜெனரேட்டர் தொகுதிகளுக்கென்றே உள்ள ஐ.எஸ்.ஓ. 8528 இன்னும் வியப்பைத் தருகிறது. அதில் மின்னழுத்தச் சமனின்மைக்கு 1 விழுக்காடு வரம்பு இருக்கிறது. ஆனால் அது பளு இல்லாத நிலைக்கு வரையறுக்கப்பட்டது. பொறி எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதை அது சொல்லும். நம் தெருவில் இணைத்த பிறகு என்னவாகும் என்பதைச் சொல்லாது. விற்பனைத் தாளில் அந்த 1 விழுக்காட்டைப் பார்த்துத் திருப்தியடையும் வாங்குநரைக் குறை சொல்ல முடியாது. தாளைத் தயாரிப்பவர் அடுத்த வரியில் இதைத் தெளிவாக எழுதலாம், அவ்வளவுதான்.

கம்பி முனையில்

ஆய்வுகள் மிகக் குறைவாகப் பேசுவதும் மக்களை மிக அதிகமாகப் பாதிப்பதும் நியூட்ரல் விடுபடுதல். ஆர் பேஸில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி, ஒய் பேஸில் 100 வாட் தொலைக்காட்சி, மூன்றாவது பேஸ் காலி என்று வைத்துக்கொள்வோம். ஜெனரேட்டரின் நியூட்ரல் முனை தளர்ந்து விடுபட்டால் இந்த இரண்டும் 415 வோல்ட்டுக்கு இடையே தொடராக நிற்கும். மின்தடைப் பளுவாகக் கணக்கிட்டால் இஸ்திரிப் பெட்டிக்கு 38 வோல்ட், தொலைக்காட்சிக்கு 377 வோல்ட். எந்த எதிர்வரிசைக் கட்டுப்படுத்தியும், எவ்வளவு புத்திசாலியான ஏ.வி.ஆர்.உம் அந்தத் தொலைக்காட்சியைக் காப்பாற்றாது. புயலுக்குப் பின் அவசரமாக முறுக்கிக் கட்டிய இணைப்புகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான். மேலே கணக்கிட்ட 24 ஆம்பியர், ஒல்லியான நியூட்ரல் கம்பியின் தளர்ந்த முனையைச் சூடாக்கிச் சூடாக்கித்தான் இந்த நிலைக்குக் கொண்டுவருகிறது.

இதற்கான முதல் மருந்து ஸ்டாட்காம் அல்ல, டாங் டெஸ்டர். மூன்று பேஸ் கம்பிகளையும் நியூட்ரலையும் ஒவ்வொன்றாகக் கவ்விப் பார்த்து, அதிகம் உள்ளதிலிருந்து குறைவானதற்கு இரண்டு எம்.சி.பி.யை மாற்றினாலே மேற்கண்ட 34, 20, 6 என்பது 22, 20, 18 ஆகிவிடும். நியூட்ரல் மின்னோட்டம் 24-இலிருந்து சுமார் மூன்றரை ஆம்பியருக்கு இறங்கும். கட்டுப்பாட்டு ஆய்வுகள் தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பளு நிமிடத்துக்கு நிமிடம் மாறும் இடத்தில் கையால் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. இலங்கையின் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் இந்திய நிதியுதவியுடன் சூரியஒளி, காற்று, மின்கலம், டீசல் கலந்த மின்தொகுதி அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. டீசல் நிறுத்தப்பட்டு மின்கலமும் இன்வெர்ட்டரும் மட்டும் தீவைத் தாங்கும் நேரங்களில், ஒவ்வொரு பேஸையும் தனித்தனியே கட்டுப்படுத்தும் திறன்தான் அங்குள்ள குளிர்பதனப் பெட்டிகளைக் காக்கும். அங்கே ஆய்வகத்தின் அறிவு நேரடியாகத் தேவை. மண்டபத்துக்கும் தெருவுக்கும் தேவைப்படுவது அந்த அறிவின் முதல் பத்துப் பக்கம், தமிழில். அதைத்தான் யாரும் எழுதிவைக்கவில்லை. எலக்ட்ரீஷியன் ஒருவர் படிக்கக்கூடிய மொழியில் ஏ.வி.ஆர்.இன் சென்சிங் கம்பியை எந்தப் பேஸில் கொடுப்பது என்று சொல்லும் ஒரு பக்கத்தைத் தேடிப் பாருங்கள். நான் சொல்வது புரியும்.

அப்படி ஒரு பக்கம் எழுதப்பட்டால் அதில் சேஞ்ச் ஓவர் சுவிட்சும் இடம்பெற வேண்டும். மின்துறைக் கம்பியையும் ஜெனரேட்டரையும் ஒரே நேரத்தில் இணைய விடாத சுவிட்ச் இல்லாமல் பிளக் பாயின்ட் வழியாக வீட்டுக்குள் மின்சாரம் ஏற்றினால், அது மின்மாற்றி வழியே பின்னோக்கிப் போய் உயரழுத்தக் கம்பியில் நிற்கும். புயலுக்குப் பின் கம்பம் ஏறியிருக்கும் ஊழியரின் உயிர் போகும். மூன்று பேஸ் இணைப்பில் அந்தச் சுவிட்ச் நான்கு முனைகள் கொண்டதாக இருக்க வேண்டும். அதில் நியூட்ரல் முனை மற்ற மூன்றுக்கும் முன்பாகச் சேர்ந்து, மற்ற மூன்றுக்கும் பின்பாகப் பிரிய வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை சுவிட்சைத் திருப்பும்போதும் ஒரு கணம் அந்த 377 வோல்ட் கணக்கு வீட்டுக்குள் நடந்தேறும்.